சீசரின் போர்க்குறிப்புகள்: சொற்கள் எங்கே காலை வாருகின்றன?

மாவட்ட கலெக்டர் என்பதை, நம் ஊர் நிர்வாகம் தெரியாத ஒருவர் அகராதியை மட்டும் நம்பித் தம் மொழிக்குக் கொண்டுபோனால் ‘வசூல்காரர்’ என்றுதான் எழுதுவார். அது முழுத் தப்பும் இல்லை. கம்பெனி ஆட்சியில் நிலவரி வசூல்தான் அந்தப் பதவியின் முதல் வேலை. ஆனால் ‘கனமழை காரணமாகப் பள்ளிகளுக்கு வசூல்காரர் விடுமுறை அறிவித்தார்’ என்று படிக்கிறவருக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. சொல் சரி, வேர் சரி, அகராதி சரி. படம் மட்டும் தப்பு.

ஜூலியஸ் சீசர் கல்லியப் போரைப் பற்றி எழுதிய குறிப்புகளை மொழிபெயர்ப்பில் படிக்கும்போது இந்த விபத்து பக்கத்துக்குப் பக்கம் நடக்கிறது. கல்லியா என்பது இன்றைய பிரான்ஸ், பெல்ஜியம், சுவிட்சர்லாந்தின் ஒரு பகுதி எல்லாம் அடங்கிய நிலம். கி.மு. 58 முதல் 52 வரை அங்கே நடந்த போர்களைச் சீசர் ஏழு புத்தகங்களில் எழுதினார். எட்டாவதை அவருடைய படையதிகாரி ஹிர்டியுஸ் எழுதிச் சேர்த்தார். லத்தீனில் எழுதப்பட்ட இந்த நூலுக்கு நம்மில் பெரும்பாலோர் ஆங்கிலத்தின் வழியாகத்தான் போகிறோம். ஆகவே ஒவ்வொரு சொல்லின்மேலும் இரண்டு சட்டை. முதலில் ஆங்கிலம் போட்டது, பிறகு நாம் போட்டது. ‘சீசர் சக்கரவர்த்தி’, ‘நூறு பேருக்கு ஒரு தலைவன்’, ‘காட்டுமிராண்டிப் பழங்குடிகள்’ என்று பேச்சுவாக்கில் உலவும் பல தவறுகள் இந்தச் சட்டைகளிலிருந்து வந்தவை. அவற்றைக் கழற்றிப் பார்க்க லத்தீன் இலக்கணம் தெரிய வேண்டியதில்லை.

நினைவலையா, வேலைக்குறிப்பா?

நூலின் பெயரிலேயே தொடங்கலாம். லத்தீனில் ‘கொம்மென்டாரியி’. ஆங்கிலத்தில் இதற்கு நினைவுக்குறிப்பு என்ற பொருளில் ஒரு சொல் போடுவார்கள். ஓய்வுபெற்ற ஒருவர் சாய்வுநாற்காலியில் உட்கார்ந்து பழையதை அசைபோடும் காட்சி உடனே மனத்தில் வந்துவிடும். கொம்மென்டாரியி அது இல்லை. அதிகாரிகள் தம் வேலையைப் பதிந்துவைக்கும் குறிப்பேடு, பின்னால் ஒரு வரலாற்றாசிரியர் எடுத்து விரித்து எழுத வேண்டிய கச்சாப்பொருள். எங்கே போனோம், எத்தனை படை, எவ்வளவு தானியம், யார் சரணடைந்தார்கள் என்ற கணக்கு அதன் உயிர்.

சீசர் இந்த வடிவத்தை யோசித்தே தேர்ந்தெடுத்தார். தன்னை ‘நான்’ என்று சொல்லாமல் ‘சீசர்’ என்று படர்க்கையில் எழுதியதும் அந்தக் குறிப்பேட்டுத் தோரணையைச் சேர்ந்ததுதான். அலங்காரம் என்ற ஆடையை முழுக்கக் களைந்த எழுத்து என்று கி.மு. 46-இல் ரோமப் பேச்சாளர் சிசரோ பாராட்டினார். சொல் விஷயத்தில் சீசருக்கே ஒரு கொள்கை இருந்தது. மொழி பற்றி அவர் எழுதிய தனிநூல் ஒன்று சில துணுக்குகளாக மட்டும் மிஞ்சியிருக்கிறது. கேள்விப்படாத, வழக்கில் இல்லாத சொல்லைக் கடலில் பாறையை விலக்குவதுபோல் விலக்கு என்கிறது அதில் ஒரு துணுக்கு. எனவே அவருடைய மொழிபெயர்ப்பில் ஆடம்பரமான, புரியாத சொல் ஒன்று எதிர்ப்பட்டால், அது சீசருடையதாக இருக்க வாய்ப்பு குறைவு.

வேர் ஒன்று, பொருள் வேறு

தெலுங்கில் ‘அவசரம்’ என்றால் தேவை. மலையாளத்தில் வாய்ப்பு. தமிழில் பரபரப்பு. மூன்றும் ஒரே வேர். விஜயவாடாவில் ஒருவர் ‘அவசரம் லேது’ என்றால் ‘மெதுவாகச் செய்யலாம்’ என்று நாம் நினைப்போம். அவர் சொன்னதோ ‘தேவையில்லை’. இப்படிப்பட்ட சொற்களை இந்தக் கட்டுரையில் ‘இனமாறிகள்’ என்று அழைப்போம்: ஒரே வேரில் பிறந்து, மொழிக்கு மொழி பொருள் மாறிவிட்டவை. லத்தீனுக்கும் ஆங்கிலத்துக்கும் இடையில் இவை ஏராளம்.

முதல் உதாரணம் ‘இம்பெராட்டோர்’. பேரரசர் என்பதற்கான ஆங்கிலச் சொல் இதிலிருந்து பிறந்ததுதான். ஆனால் சீசர் காலத்தில் இதற்குப் படையை நடத்தும் அதிகாரம் பெற்ற தளபதி என்று பொருள். வெற்றிக்குப் பிறகு படைவீரர்கள் களத்திலேயே இந்தப் பெயரைச் சொல்லி முழங்குவது தளபதிக்குப் பெரிய மரியாதை. கல்லியாவில் சீசரின் பதவி மாகாண ஆளுநர். கி.மு. 44-இல் கொல்லப்படும்வரை அவர் பேரரசர் ஆகவில்லை. அந்த ஏற்பாடே கி.மு. 27-இல் அகஸ்டஸுடன்தான் தொடங்குகிறது.

‘சீசர்’ என்பதும் அப்படித்தான். அது முதலில் வெறும் குடும்பப் பெயர். லத்தீன் உச்சரிப்பில் ‘கைசர்’. அவருக்குப் பின் வந்தவர்கள் அதைச் சூட்டிக்கொண்டு பட்டமாக்கினார்கள். பழைய தமிழ் விவிலியம் இந்தச் சொல்லை ‘இராயன்’ என்று மொழிபெயர்த்தது. அங்கே அது பொருந்தும், ஏனென்றால் அது பட்டமாகிவிட்ட காலத்துக் கதை. அந்த ஞாபகத்தோடு கல்லியப் போருக்குள் நுழைந்தால், ஜூலியஸ் சீசர் தலையில் நாமே ஒரு கிரீடத்தை வைத்துவிடுவோம்.

அடுத்தது ‘விர்டூஸ்’. ஆங்கிலத்தில் இதன் இனமாறி நற்குணத்தைக் குறிக்கும். முதல் அத்தியாயத்தில் சீசர் எழுதுகிறார்: ஹெல்வெட்டியர் மற்றக் கல்லியரைவிட விர்டூஸில் மிஞ்சியவர்கள், காரணம் அவர்கள் அநேகமாக அன்றாடம் ஜெர்மானியரோடு சண்டை போடுகிறார்கள். ‘நற்குணம்’ என்று வைத்துப் பாருங்கள். தினமும் சண்டை போட்டால் குணம் எப்படி மேம்படும்? காரணம் ஒட்டவில்லை என்றால் சொல் தப்பு. இது எங்கும் உதவும் சோதனை. லத்தீனில் ‘விர்’ என்றால் ஆண்மகன். அதிலிருந்து விர்டூஸ். தமிழில் இதற்கு அச்சாக ஒரு சொல் இருக்கிறது: ஆண்மை. ‘ஆண்’ என்பதிலிருந்து ‘ஆண்மை’ வந்த வழியும் அதே வழி. இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. படைச்செருக்கு அதிகாரத்தில் போர்க்களத் தறுகண்மையைப் பேராண்மை என்கிற திருக்குறள், பிறன்மனை நோக்காத ஒழுக்கத்தையும் பேராண்மை என்கிறது. வீரத்திலிருந்து ஒழுக்கத்துக்குச் சொல் நகரும் பாதை லத்தீனிலும் தமிழிலும் ஒன்றாகவே இருக்கிறது. ஆங்கிலத்தைத் தொடாமலே நாம் நேராகப் போய்ச்சேரக்கூடிய இடம் இது.

மூன்றாவது ‘லேகாட்டுஸ்’. பணி ஒப்படைத்து அனுப்பப்பட்டவர் என்பது அடிப்படைப் பொருள். நடைமுறையில் அது இரண்டு வேறு ஆட்களைக் குறிக்கும். ஒருவர் தூதர், இன்னொருவர் துணைத்தளபதி. முதல் புத்தகம் ஏழாம் அத்தியாயத்தில் ஹெல்வெட்டியர் சீசரிடம் லேகாட்டுஸ்களை அனுப்புகிறார்கள். அவர்கள் தூதர்கள். பத்தாம் அத்தியாயத்தில் லபியேனுஸ் என்ற லேகாட்டுஸிடம் அரண் வேலையை ஒப்படைத்துவிட்டுச் சீசர் இத்தாலிக்கு விரைகிறார். அவர் துணைத்தளபதி. இதை மறந்துவிட வேண்டாம், கடைசிப் பகுதியில் இந்த ஒரு சொல்லால் பல உயிர்கள் போகும்.

சுருக்கமாக: ஆங்கிலச் சொல்லும் லத்தீன் சொல்லும் ஒன்றுபோல ஒலித்தால் அங்கே நிதானிக்க வேண்டும். வாக்கியத்தில் ‘ஏனென்றால்’ எங்கே இருக்கிறது என்று தேடி, பொருள் ஒட்டுகிறதா என்று பார்க்க வேண்டும்.

நூறு இல்லாத நூற்றுவர்

மதுரை மீனாட்சியம்மன் கோயில் ஆயிரங்கால் மண்டபத்தில் 985 தூண்கள். ஆயிரம் என்பது அங்கே பெயர். எண்ணிப் பார்த்துக் கோபித்துக்கொள்ள வேண்டியதில்லை. ரோமப் படைப்பிரிவுகளின் பெயர்களும் அப்படித்தான்.

படையின் பெரிய அலகு ‘லெகியோ’. ஒரு லெகியோவில் 10 ‘கோஹோர்ஸ்’. ஒரு கோஹோர்ஸில் 6 ‘கென்டூரியா’. ஆக 60 கென்டூரியா. கென்டூரியா என்ற சொல்லில் நூறு இருக்கிறது, ஆட்கள் நூறு இல்லை. ஏட்டளவில் 80 பேர். அந்தக் கணக்கில் கோஹோர்ஸுக்கு 480, லெகியோவுக்கு 4,800.

அதுவும் ஏட்டுக்கணக்குதான். கி.மு. 54 குளிர்காலத்தில், முற்றுகையில் சிக்கிய ஒரு பாசறையைக் காப்பாற்றச் சீசர் இரண்டு லெகியோக்களோடு ஓடினார். அந்தப் படை மொத்தமே 7,000 பேர் தேறாது என்று அவரே எழுதுகிறார். லெகியோவுக்கு 3,500கூட இல்லை. பின்னால், ரோமரின் உள்நாட்டுப் போரில், கி.மு. 48-இல் பர்சாலுஸ் களத்தில், 80 கோஹோர்ஸ்களில் 22,000 பேர் என்கிறார். வகுத்தால் ஒரு கோஹோர்ஸுக்கு 275. நோய், காயம், சாவு, புதிதாக ஆள் சேராதது என்று எண்ணிக்கை கரைந்துகொண்டே போகும், பெயர் மட்டும் மாறாது. ‘எட்டு லெகியோ’ என்று படித்ததும் 4,800-ஆல் பெருக்கி 38,400 என்று முடிவுகட்டினால் கணக்கு எங்கேயோ போய்விடும்.

கென்டூரியாவின் தலைவர் ‘கென்டூரியோ’. இவரைத் தமிழ் வாசகர்கள் ஏற்கெனவே சந்தித்திருக்கிறார்கள். பழைய விவிலிய மொழிபெயர்ப்பில் ‘நூற்றுக்கு அதிபதி’, புதியதில் ‘நூற்றுவர் தலைவர்’. இரண்டில் பின்னது எனக்குப் பிடிக்கும். ‘நூற்றுவர்’ என்பது ஒரு குழுவின் பெயராக நிற்கும், எண்ணிக்கைக்கு உத்தரவாதம் தராது. ‘கேப்டன்’ என்று மட்டும் போடக் கூடாது. படைப்பள்ளியில் பயின்று நேராக அதிகாரியானவர் என்ற எண்ணம் அதில் ஒட்டிக்கொண்டு வரும். கென்டூரியோக்களில் பலர் சாதாரண வீரர்களாகச் சேர்ந்து, பல ஆண்டு சண்டையில் மேலே வந்தவர்கள்.

தப்படியா, அடியா?

சீசர் தூரத்தை ‘பாஸ்ஸுஸ்’ கணக்கில் சொல்வார். அகராதியில் தேடினால் ‘நடை, அடி’ என்று வரும். இங்கேதான் பெரிய வழுக்கல். வலக்கால் ஊன்றிய இடத்திலிருந்து மறுபடி வலக்கால் ஊன்றும் இடம்வரை ஒரு பாஸ்ஸுஸ். நம் கணக்கில் இரண்டு எட்டு. 5 ரோம அடி, ஏறத்தாழ 1.48 மீட்டர். 1,000 பாஸ்ஸுஸ் சேர்ந்தால் ஒரு ரோம மைல், ஏறத்தாழ 1,480 மீட்டர். மைல் என்ற சொல்லே ஆயிரத்துக்கான லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான்.

கி.மு. 58-இல், கூட்டமாக நாட்டைவிட்டு இடம்பெயரப் புறப்பட்ட ஹெல்வெட்டியரைத் தடுக்க, ஜெனீவா ஏரியிலிருந்து யூரா மலைவரை 19,000 பாஸ்ஸுஸ் நீளத்துக்கு 16 அடி உயர அரணும் அகழியும் எடுத்ததாகச் சீசர் சொல்கிறார். சரியாக மாற்றினால் 28 கிலோமீட்டர். பாஸ்ஸுஸை ஒற்றை எட்டாக எடுத்தால் 14. தமிழில் ‘19,000 அடி’ என்று எழுதிவிட்டால், படிப்பவர் அளவுகோல் அடியாக எடுத்துக்கொள்வார். அப்போது 6 கிலோமீட்டர்கூடத் தேறாது. ஒரே வாக்கியம், மூன்று வெவ்வேறு போர்கள். ‘இரட்டைத் தப்படி’ என்று ஒருமுறை விளக்கிவிட்டு மேலே போவது நல்லது. இல்லாவிட்டால் மைல் கணக்கிலேயே வைத்துக்கொண்டு, அது ரோம மைல் என்று முதலிலேயே சொல்லிவிடலாம்.

ஊர், குடி, காட்டுமிராண்டி

‘கீவிட்டாஸ்’ என்ற சொல்லைப் பல ஆங்கில நூல்கள் இனக்குழு என்ற பொருளில் மொழிபெயர்க்கின்றன. அங்கிருந்து தமிழுக்கு வந்தால் ‘பழங்குடி’ ஆகிவிடுகிறது. நமக்கு அந்தச் சொல்லோடு காடு, மலை, அரசாங்கமில்லாத வாழ்வு எல்லாம் சேர்ந்து வந்துவிடும். சீசரே தரும் விவரங்களை வைத்துப் பாருங்கள். ஹெல்வெட்டியருக்கு ஏறத்தாழ 12 அரணூர்களும் 400 சிற்றூர்களும் இருந்தன. தோற்ற பிறகு அவர்கள் பாசறையில் கிரேக்க எழுத்தில் எழுதிய பலகைகள் கிடைத்தன. புறப்பட்டவர்கள் பெயர்வாரியாக அவற்றில் பதிவாகியிருந்தார்கள். கூட்டாளிகளையும் சேர்த்து மொத்தம் 3,68,000 பேர், ஆயுதம் ஏந்தக்கூடியவர்கள் 92,000. அந்த எண்ணிக்கை மிகை என்று இன்றைய வரலாற்றாசிரியர்கள் பலர் நினைக்கிறார்கள். நமக்கு முக்கியம் எண் அல்ல, பதிவேடு. ஏடுய் என்ற இன்னொரு கீவிட்டாஸில் ஆண்டுதோறும் ஒரு தலைவரைத் தேர்ந்தெடுத்தார்கள், அவருக்கு உயிர்தண்டனை விதிக்கும் அதிகாரமும் இருந்தது. இதைப் ‘பழங்குடி’ என்பதைவிட ‘நாடு’ என்பது நெருங்கி வரும். சோழநாட்டுக் கல்வெட்டுகளில் ஊருக்கு மேலே, மண்டலத்துக்குக் கீழே வருமே, அந்த அளவிலான ‘நாடு’. மக்களையும் ஆட்சியையும் சேர்த்தே குறிக்கும்.

‘ஓப்பிடும்’ என்பதை மேலே ‘அரணூர்’ என்றேன். ‘நகரம்’ என்றாலும் ‘கோட்டை’ என்றாலும் பாதிதான் வரும். மதிலுக்குள் வீடும் பட்டறையும் சந்தையும் சேர்ந்த இடம் அது. அந்த மதிலை ஏழாம் புத்தகத்தில் சீசர் மெச்சி விவரிக்கிறார். இரண்டடி இடைவெளியில் 40 அடி மரங்களை உள்நோக்கிப் படுக்கவைத்து, உள்ளே ஒன்றோடொன்று பிணைத்து, மண் நிரப்பி, முகப்பில் மரங்களுக்கு நடுவே பெருங்கல் அடைத்து, அடுக்குமேல் அடுக்காக ஏற்றுவார்கள். கல் தீயைத் தாங்கும், மரம் இடிகருவியைத் தாங்கும். இப்படிக் கட்டத் தெரிந்தவர்களைத்தான் அவர் ‘பார்பரி’ என்றும் எழுதுகிறார்.

பார்பரி என்பதைக் காட்டுமிராண்டி என்று மாற்றுவது வழக்கமாகிவிட்டது. வேர் கிரேக்கம். ‘பர்பர்’ என்று ஏதோ உளறுகிறவன், நம் மொழி வராதவன் என்பது முதல் பொருள். முல்லைப்பாட்டில் அரசன் பாசறையைக் காவல்காக்கும் மிலேச்சர் நினைவுக்கு வர வேண்டும். நாவால் பேசமாட்டார்கள், உடலால் சைகை காட்டுவார்கள் என்று அவர்களை அந்தப் பாட்டு வருணிக்கிறது. அங்கும் அடையாளம் மொழிதான். சீசர் காலத்தில் பார்பரி என்ற சொல்லில் இளக்காரமும் கலந்துவிட்டது உண்மை. என்றாலும் ‘வேற்றுமொழியார்’, ‘அயலார்’ என்று தொடங்கி, இளக்காரம் தெளிவாகத் தெரியும் இடத்தில் மட்டும் கடுமையைக் கூட்டுவதே நேர்மை.

பாசறை என்ற சொல் வந்ததால் ஒன்று சொல்லியாக வேண்டும். ரோமப் படை பகைநிலத்தில் ஒரு இரவு தங்கினாலும் சுற்றி அகழி வெட்டி மண்மேடு எழுப்பிவிடும். அதன் பெயர் ‘காஸ்ட்ரா’. ‘முகாம்’ என்றால் கூடாரம்தான் தெரியும், ‘பாசறை’ என்றால் போரும் சேர்ந்து தெரியும். குளிர்காலத் தங்கலை அவர்கள் ‘ஹீபெர்னா’ என்றார்கள். தொல்காப்பியம் கூதிர்ப்பாசறை, வேனிற்பாசறை என்று இரண்டு சொல்கிறது. முழுக்க ஒன்றல்ல. கூதிர்ப்பாசறையில் அரசன் போர் முனைப்போடு இருப்பான், ஹீபெர்னாவிலோ படை பெரும்பாலும் ஓய்ந்திருக்கும். ஆனாலும் ‘குளிர்கால முகாம்’ என்று ஆங்கிலத்தைப் பின்தொடர்வதைவிட இது எவ்வளவோ மேல்.

மென்மையான சொல், கடுமையான செயல்

கி.மு. 57-ஆம் ஆண்டின் போர்களை முடிக்கும்போது ‘கல்லியா முழுதும் அமைதியான பின்’ என்பதுபோல ஒரு தொடர் வரும். லத்தீனில் ‘பாகாரே’ என்ற வினை. அமைதி என்ற பெயர்ச்சொல்லில் பிறந்தது. போரில் அடக்கி, எதிர்க்க முடியாமல் செய்வதையே அது குறிக்கிறது. ‘அமைதிப்படுத்தினார்’ என்றால் அழுகிற குழந்தையைத் தேற்றியதுபோல் இருக்கும். ‘அடக்கினார்’ என்பதே பொருள். சீசர் ஏன் மென்மையான சொல்லை எடுத்தார் என்பது வாசகருக்குத் தெரிய வேண்டும் என்றால், ‘அடக்கி அமைதியாக்கினார்’ என்று இரண்டையும் வைக்கலாம்.

‘ஃபிடெஸ்’ இன்னும் ஆபத்தானது. நம்பிக்கை, வாக்குத்தவறாமை என்பது அகராதிப் பொருள். ஒரு நாடு ரோமின் ஃபிடெஸுக்குள் வருகிறது என்றால், நிபந்தனையில்லாமல் தன்னை ஒப்படைக்கிறது, இனி ரோம் பார்த்துச் செய்வதுதான் என்று அர்த்தம். இதைப் புரிந்துகொள்ளாமல் ஒரு நாடே மாட்டிக்கொண்டது. கி.மு. 191-இல் கிரேக்கத்தின் ஐட்டோலியர் சமாதானம் தேடி ‘ரோமரின் நம்பிக்கைக்கு எங்களை ஒப்படைக்கிறோம்’ என்றார்கள். அவர்கள் மனத்தில் இருந்தது கிரேக்கச் சொல். அதில் பரஸ்பர நம்பிக்கை என்ற தொனி உண்டு. ரோமத் தளபதி கிளாப்ரியோ உடனே ஆணைகளை அடுக்க ஆரம்பித்தார். அது நியாயமில்லை, கிரேக்க வழக்கமும் இல்லை என்று தூதர் மறுத்தபோது, சங்கிலி கொண்டுவரச் சொல்லிவிட்டார். தூதர்களுக்குப் பேச்சு நின்றுவிட்டது. கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியுஸ் இதை விரிவாகப் பதிந்திருக்கிறார். மொழிபெயர்ப்புப் பிழைக்கு இதைவிடத் தெளிவான பழைய சாட்சி தேட வேண்டியதில்லை.

‘ஒப்சிடெஸ்’ என்பதற்குச் செய்தித்தாள் தமிழில் பிணைக்கைதிகள். விமானக் கடத்தல் ஞாபகம் வரும். இவர்கள் கடத்தப்பட்டவர்கள் அல்ல, உடன்படிக்கைக்கு ஈடாகக் கொடுக்கப்பட்டவர்கள். பெரும்பாலும் தலைவர்களின் பிள்ளைகள். பெல்லோவாக்கியர் என்ற கல்லிய நாட்டார் மட்டும் 600 பேரைக் கொடுத்தார்கள். வாக்கு மீறினால் இவர்கள் உயிருக்கு உறுதியில்லை. ‘பிணையாள்’ என்ற பழைய சொல்லே போதும். ‘கைதி’யை வெட்டிவிட்டால் பொருள் நேராகிவிடும்.

வீரர்கள் வைத்த பெயர்கள்

கி.மு. 52-இல் அலேசியா மலையூரில் கல்லியத் தலைவன் வெர்கிங்கெடோரிக்ஸைச் சீசர் வளைத்தார். உள்ளே இருப்பவர் வெளியேறாமல் 11 மைல் அரண், வெளியிலிருந்து உதவி வராமல் 14 மைல் அரண், நடுவில் ரோமப் படை. ஆள் போதாததால் அரணுக்கு முன்னால் பொறிகள் வைத்தார்கள். அவற்றுக்குப் படைவீரர்கள் சூட்டிய செல்லப்பெயர்களைச் சீசர் அப்படியே எழுதிவைத்திருக்கிறார். அரிய சொல்லை விலக்கச் சொன்னவர், பாசறைப் பேச்சுக்கு மட்டும் கதவைத் திறந்துவைக்கிறார்.

முதல் பொறி ‘கிப்பி’. ஐந்தடி ஆழப் பள்ளத்தில் கிளைகளோடு மரத்தண்டுகளை நட்டு, அடியில் பிணைத்து, கிளை நுனிகளைச் சீவி வெளியே நீட்டிவிடுவார்கள். ஐந்து வரிசை. நுழைந்தவன் தானே குத்துப்படுவான். கிப்பி என்றால் நட்டுவைத்த கல் அல்லது கம்பம். எல்லைக்கல்லாகவும் இருக்கும், கல்லறைக்கல்லாகவும் இருக்கும். ‘நடுகல்’ என்று தமிழில் வைத்தால் அந்த இருண்ட கேலி அப்படியே வந்துவிடுகிறது.

இரண்டாவது ‘லீலியா’. பகடையில் ஐந்து புள்ளி இருக்குமே, அந்த அமைப்பில் சாய்வரிசையாகக் குழிகள். ஆழம் மூன்றடி, கீழே போகப்போகக் குறுகும். நடுவில் தொடைப் பருமனான முளை, நுனி சீவித் தீயில் வாட்டி இறுக்கியது. நான்கு விரல் மட்டும் தரைக்கு மேலே தெரியும். அடியில் ஓரடிக்கு மண்ணை மிதித்து இறுக்கி, மேலே சுள்ளியும் புதரும் போட்டு மூடிவிடுவார்கள். மூன்றடிக்கு ஒன்றாக எட்டு வரிசை. லீலியா என்பது லில்லிப் பூ. பூவின் சாயல் இருந்ததால் அந்தப் பெயர் என்று சீசரே காரணம் சொல்கிறார். இதை ‘அல்லி’ என்று எழுதிவிட்டால் குளத்தில் மிதக்கும் தட்டையான பூ வந்துவிடும், பொறி காணாமல் போய்விடும். புனல் வடிவம்தான் இங்கே உயிர். ஊமத்தம்பூவை மேலிருந்து பார்த்தால் எப்படியிருக்கும், அப்படி. ‘லில்லி’ என்றே வைத்து, புனல்போன்ற பூ என்று ஒரு சொல் சேர்த்தால் போதும்.

மூன்றாவது ‘ஸ்டிமுலி’. ஓரடிக் கட்டையில் இரும்புக் கொக்கி பொருத்தி, கட்டை முழுவதையும் மண்ணில் புதைத்து எங்கும் இறைத்துவிடுவது. ஸ்டிமுலுஸ் என்றால் மாட்டை முடுக்கும் முள்கோல். வண்டிமாடு ஓட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டாம்: தார்க்குச்சி. ஊக்கம், தூண்டுதல் என்ற பொருளில் ஆங்கிலத்தில் புழங்கும் இனமாறியைப் பிடித்துக்கொண்டு வந்தால் இந்த இடம் அர்த்தமே இல்லாமல் போகும்.

அனுப்பினானா, அனுப்பினாரா?

இது ஆங்கிலத்துக்கு இல்லாத, தமிழுக்கு மட்டும் வரும் சிக்கல். லத்தீன் வினையில் மரியாதை விகுதி கிடையாது. ‘மீசிட்’ என்றால் அனுப்பினான், அனுப்பினாள், அனுப்பினார் எல்லாம்தான். தமிழில் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். ‘சீசர் வந்தார், வெர்கிங்கெடோரிக்ஸ் வந்தான்’ என்று எழுதிய கணமே மொழிபெயர்ப்பாளர் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டார். சற்று முன் ‘கல்லியத் தலைவன்’ என்று எழுதியதில் அந்தச் சாய்வு இருக்கிறது, கவனித்திருப்பீர்கள். இரண்டு பேருக்கும் ‘ஆர்’ அல்லது இரண்டு பேருக்கும் ‘ஆன்’, இதுவே நியாயம்.

ஆனால் இன்னொரு இடத்தில் தமிழ் லத்தீனையே மிஞ்சுகிறது. சீசர் தன்னைப் படர்க்கையில் வைத்தாலும், ரோமப் படையை ‘நோஸ்ட்ரி’ என்பார். நம்மவரா, எங்களவரா? லத்தீனில் அந்த வேறுபாடு இல்லை. தமிழில் உண்டு. கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் நம்மவர், விலக்கினால் எங்களவர். ரோமில் இருந்த வாசகருக்காக எழுதியவர், அவரையும் தன் வரிசையில் நிறுத்துகிறார். ஆகவே ‘நம்மவர்’. அதைப் படிக்கும்போது நாமும் நம்மை அறியாமல் ரோம வரிசைக்குப் போய்விடுகிறோம் என்பதும் அந்தச் சொல்லிலேயே தெரிந்துவிடுகிறது.

எட்டே சொற்கள்

எந்தப் பதிப்பை எடுத்தாலும் புத்தக எண்ணும் அத்தியாய எண்ணும் மாறாது. ஆங்கிலத்தில் ஒரு வரி உறுத்தினால், அந்த எண்ணை வைத்து லத்தீன் மூலத்தில் இடத்தைக் கண்டுபிடித்து, சந்தேகப்படும் ஒரு சொல்லை மட்டும் அகராதியில் பார்க்கலாம். மூன்றாம் புத்தகம், பதினாறாம் அத்தியாயத்தை இப்படிப் பார்ப்போம்.

கி.மு. 56. இன்றைய பிரான்ஸின் பிரித்தானி என்ற பகுதியின் கரையில் வெனட்டியர் என்ற கடலோடி மக்கள். அவர்கள் தோற்ற பிறகு சீசர் எழுதும் வாக்கியம் லத்தீனில் எட்டே சொற்கள். தமிழில் வரிசை மாறாமல் வைத்தால்: ‘ஆகவே, முழு, செனாட்டு, கொல்லப்பட்டபின், மற்றவர்களை, கீழ், மாலையின், விற்றார்.’

‘மாலையின் கீழ் விற்றார்’ என்பதைக் ‘கிரீடத்தின் கீழ்’ என்று மொழிபெயர்த்தால் ஏதோ அரச விழா மாதிரி இருக்கும். போரில் பிடிபட்டவர்களைத் தலையில் மாலை சூட்டி ஏலம்விடுவது ரோம வழக்கம். அடிமைகளாக விற்றார் என்பதே செய்தி. ‘செனாட்டு’ என்பது ரோமர்கள் தங்கள் ஆட்சிமன்றத்துக்கு வைத்திருந்த பெயர். அதையே வெனட்டியரின் மன்றத்துக்கும் தருகிறார். இதற்கு முந்தைய வாக்கியத்தில் அதே மக்களைப் பார்பரி என்கிறார். பார்பரி என்று தண்டிக்கப்படுகிறவர்களுக்கு ஒரு செனாட்டும் இருந்திருக்கிறது. ‘காட்டுமிராண்டிகள்’ என்றும் ‘மூப்பர் கூட்டம்’ என்றும் மொழிபெயர்த்துவிட்டால் இந்த முரண் வாசகர் கண்ணில் படவே படாது.

எதற்காக இந்தத் தண்டனை? இனிமேலாவது லேகாட்டுஸ்களின் உரிமையை மதிக்க வேண்டும் என்பதற்காக என்கிறார் சீசர். வெனட்டியர் பிடித்துவைத்த ஆட்கள் லேகாட்டுஸ்கள், அந்தப் பெயர் எல்லா மக்களிடமும் தொடக்கூடாத புனிதம் கொண்டது என்று ஒன்பதாம் அத்தியாயத்திலேயே சொல்லிவிட்டார். ஏழாம் அத்தியாயத்துக்குத் திரும்பிப் போனால் அதே ஆட்களை யார் என்று எழுதியிருக்கிறார்? குளிர்காலத்தில் படைக்குத் தானியம் குறைந்ததால் பக்கத்து நாடுகளுக்கு அனுப்பப்பட்ட படையதிகாரிகள். தானியம் கேட்கப் போனவர்கள். வெனட்டியர் அவர்களைப் பிடித்துவைத்தது, தாங்கள் கொடுத்திருந்த பிணையாட்களுக்குப் பதிலாகக் கைமாற்ற. இரண்டு அத்தியாயம் தாண்டியதும் அதிகாரிகள் லேகாட்டுஸ்கள் ஆகிவிட்டார்கள், மன்றத்தினர் அத்தனை பேருக்கும் மரணம் வந்துவிட்டது. ஏழாம் அத்தியாயத்தில் ‘அதிகாரிகள்’ என்றும் ஒன்பதாம் அத்தியாயத்தில் ‘தூதர்கள்’ என்றும் பிரித்து எழுதும் மொழிபெயர்ப்பில் இந்த மாற்றம் பளிச்சென்று தெரியும். வாசகருக்குச் சிக்கல் வேண்டாமே என்று இரண்டு இடத்திலும் ‘ரோமப் பிரதிநிதிகள்’ என்று ஒரே சொல்லைப் போட்ட மொழிபெயர்ப்பில் தெரியாது.